ஐஸ்கிரீம் கடை ஜூலியாவும் காணாமல் போன சுரங்கமும்

ஆறு மாதமாக ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1892ஆம் வருடக் கோடையில் அமெரிக்காவின் அரிசோனாவில் நடக்கிற காதல் கதை. ஒரு பெண், இரண்டு ஆண்கள், ஒரு கோவேறு கழுதை, இடம் தெரியாத ஒரு தங்கச் சுரங்கம். படிக்கிறவர்கள் முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது, கடைசிப் பக்கத்தில் இருவர் கைகோத்து நிற்க வேண்டும். இவ்வளவுதான் என் திட்டம். ஆனால் கதாநாயகி நிஜமாகவே வாழ்ந்தவர். அவரைப் பற்றித் தெரியத் தெரிய எழுதும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. அதனால் கதையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

இது தொடங்கியது கோவில்பட்டியில், எங்கள் வீட்டுத் திண்ணையில். மாதம் ஒருமுறை வரும் மாமா, சிவகாசியிலிருந்து காமிக்ஸ் புத்தகங்கள் வாங்கி வருவார். டெக்ஸ் வில்லரும் கேப்டன் டைகரும் தமிழ் பேசிக்கொண்டு குதிரையில் போனது அந்தப் பக்கங்களில்தான். ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்பாள், நான் சத்தமாக வாசிப்பேன். 'தங்கக் கல்லறை' வாசித்து முடித்த அன்று, இதற்கு அடியில் ஒரு நிஜக் கதை இருக்கிறது என்றார் மாமா. அரிசோனா மலைக்குள் ஒரு ஜெர்மன்காரக் கிழவன் தங்கச் சுரங்கம் வைத்திருந்தான், இடத்தைக் காட்டாமலே செத்துப்போனான், இன்னும் தேடுகிறார்கள் என்று சொன்னார்.

ஆச்சி பசை தடவுவதை நிறுத்தவில்லை. "ஏல, சாகக் கெடந்தப்ப அந்தக் கெழவனுக்கு யாரு கஞ்சி வச்சுக் குடுத்தா?" என்று கேட்டாள்.

மாமா தெரியாது என்றார்.

"அவகிட்டல்லா சொல்லியிருப்பான்."

ஆச்சி சொன்னது அப்படியே சரி என்று எனக்குத் தெரியவர இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆனது.

அந்தக் கிழவரின் பெயர் ஜேக்கப் வால்ட்ஸ். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்கா போனவர். ஜெர்மன்காரர்கள் தங்களை 'டாய்ச்' என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டு அங்கே எல்லோரும் 'டச்' ஆக்கிவிட்டார்கள். ஹாலந்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் அவர் 'டச்சுக்காரர்' ஆனார், அவருடைய சுரங்கம் 'லாஸ்ட் டச்சுமேன்' சுரங்கம் ஆனது. ஃபீனிக்ஸ் ஊருக்கு அருகே சால்ட் ஆற்றங்கரையில் அவருக்கு நிலம் இருந்தது. 1891 பிப்ரவரியில் அந்த ஆறு பெருக்கெடுத்தது. எண்பது வயதை ஒட்டிய மனிதர், வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்தார், உடம்பும் படுத்துவிட்டது. ஊருக்குள் ஒரு பெண் அவரைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அக்டோபர் 25ஆம் தேதி அவர் அங்கேயே இறந்துபோனார்.

அந்தப் பெண்தான் ஜூலியா தாமஸ். பேக்கரியும் ஐஸ்கிரீம் கடையும் நடத்தியவர். கணவர் எமில் அவரை விட்டுப் போய்விட்டிருந்தார். கோடையில் சாதாரணமாக நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், தனியாக நின்று ஐஸ்கிரீம் விற்ற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். நான் எழுத நினைத்த கதையின் முதல் காட்சி அந்தக் கடைதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கிழவர் சாவதற்கு முன் ஜூலியாவிடம் வழி சொன்னதாகச் சொல்கிறார்கள். கிழக்கே சூப்பர்ஸ்டிஷன் மலை. அதற்குள் ஊசிபோல் நிற்கும் ஒரு பாறை, வீவர்ஸ் நீடில். அதை மையமாக வைத்துத் தேட வேண்டும். அவர் வாயில் வந்ததாகச் சொல்லப்படும் குறிப்புகள் இன்றைக்கும் அங்கே பழமொழி மாதிரி புழங்குகின்றன. மறையும் சூரியனின் வெளிச்சம் சுரங்கத்தின் வாயில் விழும். சுரங்கத்திலிருந்து பார்த்தால் பட்டாளத்துப் பாதை தெரியும், பாதையிலிருந்து பார்த்தால் சுரங்கம் தெரியாது. கிழவர் படுத்திருந்த கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருந்ததாம், அதில் தங்கம் ஓடிய கல் இருந்ததாம். அவர் இறந்த அன்று அங்கே இருந்த டிக் ஹோம்ஸ் அதைத் தூக்கிக்கொண்டு போனார் என்பது ஒரு தரப்பு. கிழவரே அதை அவருக்குக் கொடுத்தார் என்பது மறு தரப்பு. எப்படிப் பார்த்தாலும் பெட்டி ஹோம்ஸ் கையில். கஞ்சி வைத்துக் கொடுத்த கைக்கு மிஞ்சியது வெறும் வாய்வார்த்தை.

ஜூலியா கடையை விற்றார். ரைன்ஹார்ட் பெட்ராஷ், ஹெர்மன் பெட்ராஷ் என்ற அண்ணன் தம்பி இருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு 1892 கோடையில் மலைக்குப் புறப்பட்டார். அந்தச் சுரங்கத்தைத் தேடிப் போன முதல் கூட்டம் இவர்களுடையதுதான் என்பார்கள். செப்டம்பர் 1ஆம் தேதி 'அரிசோனா என்டர்பிரைஸ்' பத்திரிகை இதைச் செய்தியாகப் போட்டது. முன்பு ஐஸ்கிரீம் கடை நடத்திய திருமதி தாமஸ், பெண்களுக்கு வழக்கமில்லாத ஒரு வேலையில் இறங்கியிருக்கிறார் என்றும், சாகும் தறுவாயில் ஒரு கிழவர் சொன்ன ரகசியத்தை நம்பிப் போயிருக்கிறார் என்றும் எழுதியது. அந்த நாலைந்து வரிகளைப் பல தடவை படித்துவிட்டேன். எழுதியவர் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார் என்று தோன்றுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ஆண் கடையை விற்றுவிட்டுப் போயிருந்தால், துணிச்சல்காரன் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

மூவரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதற்கப்புறம் ஜூலியா, தன் நினைவில் இருந்த வழியைப் படமாக வரைந்து ஆளுக்கு ஏழு டாலருக்கு விற்றார் என்று சொல்வார்கள்.

இந்த மலையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஃபீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லர் ஊரில் என் நாத்தனார் குடும்பம் இருக்கிறது. சிப் தொழிற்சாலைகள் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஒரு பிப்ரவரியில் போயிருந்தபோது, எல்லோரும் கிராண்ட் கேன்யன் பார்க்கலாம் என்றார்கள். நான் பெரால்டா பாதைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். கணவரும் நானும் மட்டும் விடியற்காலையில் ஏற ஆரம்பித்தோம். ஒரு வழிக்குச் சுமார் நாலு கிலோமீட்டர், நானூறு மீட்டர் ஏற்றம். இரண்டு பக்கமும் கைகளைத் தூக்கி நிற்கும் சகுவாரோ கள்ளிகள். தொட்டால் கொத்தாகக் கழன்று சட்டையில் ஒட்டிக்கொள்ளும் சோயா (cholla) என்ற கள்ளிகள். நடுவில் எங்கள் ஊர் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளி. அதற்குப் பூர்வீகம் அமெரிக்காதான், நம் ஊருக்கு வந்தது பிறகு. எனக்கு என்னவோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

பாதி வழியில் சண்டை. யார் எவ்வளவு தண்ணீர் குடித்தோம் என்பதுதான் விஷயம். ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துப் போயிருந்தோம். அவர் தன்னுடையதை மிச்சம் பிடித்து எனக்காக வைத்திருந்தார், நான் என்னுடையதை மிச்சம் பிடித்து அவருக்காக வைத்திருந்தேன். இரண்டு பேருமே தாகத்தோடு நடந்துகொண்டு, ஏன் குடிக்கவில்லை என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஏறினோம். ஃப்ரீமாண்ட் சேடில் என்ற கணவாயில் ஏறி நின்றதும், எதிரே சட்டென்று வீவர்ஸ் நீடில். கடல்மட்டத்திலிருந்து 1,388 மீட்டர் உயரத்தில் அதன் உச்சி. சண்டை எங்கே போனது என்று தெரியவில்லை. பாறையில் உட்கார்ந்து மிச்சத் தண்ணீரைக் குடித்தோம்.

குளிர்காலத்திலேயே இப்படி என்றால் கோடையில்? ஜூலியாவின் காலத்துப் பெண்கள் கணுக்கால் வரை தழையும் பாவாடை உடுத்தியிருந்தார்கள். அந்த உடையில், அந்த வெயிலில், வழிகாட்டிப் பலகை ஒன்றுகூட இல்லாத மலையில். அன்றைக்கு இறங்கும்போதுதான், எழுதினால் இவரைத்தான் எழுத வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். காதல் கதையாகவா, என்று கேட்டார். காதல் கதையாகத்தான், அதுவும் சிரிக்கச் சிரிக்க என்றேன்.

ஏன் அப்படி என்று விளக்க வேண்டும். புதையல் தேடும் கௌபாய் காதல் கதைகளுக்கு என்று ஒரு கூட்டு உண்டு. வரைபடத்தில் பாதி அவளிடம், மீதி அவனிடம். அல்லது வழி அவளுக்குத் தெரியும், மலை அவனுக்குத் தெரியும். இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால் பிரிந்து போகவும் முடியாது. இதை மட்டமான சரக்கு என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் தொல்காப்பியத்தைத்தான் காட்டத் தோன்றும். தலைவியைப் பார்க்க வந்த தலைவன், தோழியிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பான் என்று களவியலில் ஒரு பட்டியல் வரும்: 'ஊரும் பேரும் கெடுதியும் பிறவும்'. உன் ஊர் எது, பேர் என்ன, அப்புறம் கெடுதி. கெடுதி என்றால் தொலைத்த பொருள். அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா, மான் ஏதும் வந்ததா என்று தினைப்புனத்தில் வந்து நிற்பான். யானையும் இல்லை, மானும் இல்லை என்பது தோழிக்கும் தெரியும். காணாமல் போன ஒன்றைத் தேடி வந்ததாகச் சொன்னால்தான் அங்கே நிற்க முடியும், பேச முடியும்.

மேற்குக் கதைகளிலும் புதையல் செய்வது அதே வேலை. அந்தக் காலத்து ஊர்க் கட்டுப்பாட்டில், மணமாகாத ஒருத்தியும் ஒருவனும் ஒரே திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் பேச்சு வந்துவிடும். சுரங்கம் தேடப் போகிறோம் என்று சொன்னால் பத்து நாள் ஒரே தீ மூட்டிக் குளிர்காயலாம். அதனால் கதாசிரியர்கள் புதையலைச் சீக்கிரம் கண்டுபிடிக்க விடமாட்டார்கள். கிடைத்துவிட்டால் இருவரும் ஊருக்குத் திரும்ப வேண்டும்.

இந்தக் கூட்டு எனக்கு உயிர். ஆனால் ஜூலியாவை உள்ளே வைத்ததும் அது இடறியது. தினைப்புனத்துத் தலைவனுக்கு யானை ஒரு சாக்கு. ஜூலியாவுக்குத் தங்கம் சாக்கு இல்லை. கடையை விற்ற பெண்ணுக்குத் தங்கம்தான் சாப்பாடு, வாடகை, அடுத்த வருடம். தங்கம் கிடைக்காவிட்டால் என்ன, காதல் கிடைத்ததே என்று நான் எழுதினால் அது அவருக்குச் செய்யும் துரோகம். நாலாவது அத்தியாயத்தில் அப்படி ஒரு வசனம் எழுதி, இரவு முழுக்கத் தூங்காமல், காலையில் அழித்தேன்.

இன்னொரு தயக்கமும் இருந்தது. அந்த மலை பல உயிர்களை வாங்கியிருக்கிறது. 1931இல் வாஷிங்டனிலிருந்து வரைபடத்தோடு வந்த அடால்ஃப் ருத் என்ற முதியவர் ஜூன் மாதம் மலைக்குள் போனார், டிசம்பரில் அவருடைய மண்டையோடுதான் கிடைத்தது. 2010 ஜூலையில் யூட்டாவிலிருந்து வந்த மூன்று பேர் அந்த வெயிலில் இறந்துபோனார்கள். உடல்கள் மறு ஜனவரியில்தான் கிடைத்தன. இதையெல்லாம் தெரிந்துகொண்டு சிரிப்புக் கதை எழுதலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். எழுதலாம், ஆனால் தண்ணீர்க் கணக்கில் பொய் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். என் கதையில் வேடிக்கையாக விழுவார்கள், வேடிக்கையாகச் சண்டை போடுவார்கள். குடுவையில் எத்தனை மடக்கு மிச்சம் என்பதை மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் சரியாக எழுதுகிறேன்.

தங்கம் அங்கே இருக்கிறதா என்று கேட்பீர்கள். சூப்பர்ஸ்டிஷன் மலை முழுக்க எரிமலை கக்கிய பாறை. அந்த மாதிரிப் பாறையில் தங்கத்தை எதிர்பார்ப்பதற்கில்லை என்பதுதான் நிலவியல் படித்தவர்கள் பெரும்பாலும் சொல்வது. ஆனால் மலையின் மேற்கு அடிவாரத்தில், கோல்ட்ஃபீல்ட் என்ற இடத்தில் நிஜமாகவே தங்கம் கிடைத்தது. ஜூலியா தேடப் போன அதே 1892இல்தான் அது தெரியவந்தது. சில மைல் தள்ளி அவர் மண்டியிட்டுப் பாறையிடுக்கில் தேடிக்கொண்டிருந்த வருடத்தில், இங்கே ஒரு சுரங்க ஊரே முளைக்கத் தொடங்கியது. நாலைந்து வருடம் ஓகோ என்று இருந்துவிட்டு அதுவும் ஓய்ந்தது. இதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை. கொஞ்சம் மேற்கே தேடியிருக்கக் கூடாதா, அம்மா?

இப்போது அந்த மலை பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதி. 1984 தொடக்கத்திலிருந்து புதிதாகச் சுரங்க உரிமை கோர முடியாது. மலையின் அதே மேற்கு அடிவாரத்தில் டச்சுக்காரர் பெயரில் ஒரு மாநிலப் பூங்கா இருக்கிறது, அருகே அவர் பெயர் சேர்ந்த ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. சுரங்கத்துக்கும் பூங்காவுக்கும் அருங்காட்சியகத்துக்கும் அவர் பெயர். முதலில் தேடப் போனவர் பெயரில் ஒரு பாதைகூட என் கண்ணில் படவில்லை.

பெட்ராஷ் சகோதரர்கள் விடவில்லை. ஹெர்மன் பல பத்தாண்டுகள் அந்த மலையிலேயே சுற்றினார், கடைசிவரை சுரங்கம் அங்கேதான் இருக்கிறது என்று நம்பினார். கதைக்கு இது நல்ல தீனி. முதலில் என் கதாநாயகன் ஹெர்மன்தான் என்று வைத்திருந்தேன். அவன் தேடுவது சுரங்கத்தையா, அவளோடு போன அந்த ஒரு கோடையையா என்று ஒரு அத்தியாயம் எழுதினேன். அழகாகத்தான் வந்தது. ஆனால் அது சோகக் கதையின் வாசல். மலையை விட்டு இறங்கவே தெரியாத ஒருவனை என் ஜூலியாவுக்குக் கட்டிவைக்க மனம் வரவில்லை.

அப்புறம்தான் அந்த வரி கண்ணில் பட்டது. 1893இல் ஜூலியா தாமஸ் மறுமணம் செய்துகொண்டார். ஆல்பர்ட் ஷாஃபர் என்பவரை. மலையிலிருந்து வெறுங்கையோடு இறங்கி ஒரு வருடத்துக்குள். அதன் பிறகு 1917 வரை வாழ்ந்தார்.

டச்சுக்காரனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்தக் கல்யாணத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அவர்களுக்குச் சுரங்கம் வேண்டும். எனக்கு இந்த வரி வேண்டும். கடை போய், பணம் போய், பத்திரிகையில் கேலியும் வந்த ஒரு பெண்ணிடம் அந்தக் குளிர்காலத்தில் யார் வந்து பேச்சுக் கொடுத்தது? எதைத் தொலைத்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார்? ஏழு டாலர் வரைபடம் வாங்க வந்தவராகவே இருக்கட்டுமே என்று நான் வைத்துக்கொண்டேன். இது முழுக்க என் கற்பனை. அதற்காகவே கதையில் எல்லோருடைய பெயரையும் மாற்றிவிட்டேன்.

என் ஆள் முதல் நாள் வந்து வரைபடம் வாங்கிப் போவான். மறுநாள் வந்து, இந்த ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்பான். மூன்றாம் நாள், மழையில் நனைந்துவிட்டது, இன்னொன்று வேண்டும் என்பான். அரிசோனாவில் ஒரு வாரமாக மழையே பெய்திருக்காது. அவளுக்கும் அது தெரியும். ஏழு டாலரை எண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு இன்னொரு படம் வரைய உட்காருவாள். அவன் எத்தனை தடவை வந்தாலும் விலையில் ஒரு சென்ட்கூடக் குறைக்கமாட்டாள். அந்தப் பணத்தில் அவள் மறுபடி ஒரு கடை போட வேண்டும் என்பது எனக்கு முக்கியம். கல்யாணம் அந்தக் கடையில் நடக்கும். மலைக்கு அவர்கள் சேர்ந்து போவார்கள், ஆனால் குளிர்காலத்தில், நிறையத் தண்ணீரோடு, மேற்குப் பக்கமாக.

இப்போது ஐந்தாவது அத்தியாயத்தில் நிற்கிறேன். முதல் பயணம் நடந்துகொண்டிருக்கிறது. உச்சி வெயில், மூன்று குடுவையில் ஒன்று காலி. அண்ணனும் தம்பியும் பேச்சு வார்த்தை இல்லை. கோவேறு கழுதை மட்டும் நிழலில் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்கிறது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. கணவர் நாலைந்து சொல்லிப் பார்த்தார், எதுவும் ஒட்டவில்லை. ஆச்சி இருந்திருந்தால், பசைக் கையோடு நிமிர்ந்து பார்த்து, உடனே ஒன்று சொல்லியிருப்பாள்.